உன்னைத் தின்றதற்குச் சோறு போடுகிறேன்

என் ஆசை அண்ணைக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அடுத்த மாதம் உன் ஆண்டுத் திவசம். இவ்வளவு நாளும் நான் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. எழுத உட்கார்ந்தால் வாயில் வருகிற முதல் சொல் "சீ" என்பதாக இருந்தது. செத்துப்போன அண்ணனுக்கு எழுதுகிற கடிதத்தை அப்படியா தொடங்குவது?

அந்தச் சொல் இன்றைக்கும் போய்விடவில்லை. ஆனால் போன கிழமை அண்ணி என் ஆய்வுகூடத்துக்கு வந்தார். வந்து ஒரு காரியம் செய்தார். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? உன் பெண்சாதி, உன் வாய், உன் வெற்றிலை. மற்றவர்கள் வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும். ஊரார் அறியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்துத்தானே இந்த நிலைக்கு வந்தோம்.

முதலில் உன் செத்தவீட்டுப் புதினம் சொல்கிறேன். அங்கே இருந்தவர்களில் நீ ஒருவன்தான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். மற்ற எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

ஒழுங்கை முகப்பில் உனக்குப் பெரிய பனர் ஒன்று கட்டியிருந்தார்கள். கோட்டும் டையும் போட்டிருந்தாய். கலியாணத்துக்கே வேட்டிதான் கட்டுவேன் என்று நின்ற மனிசனுக்கு, ஸ்ரூடியோக்காரர் கழுத்துக்குக் கீழே யாரோ வங்கி முகாமையாளரை ஒட்டிவிட்டிருந்தார். அது போகட்டும், சிரித்துவிட்டுப் போயிருப்பேன். படம் எடுத்த நேரத்தில் உன் இடப்பக்கக் கன்னத்துக்குள் வெற்றிலை இருந்திருக்கிறது. அந்தப் புடைப்பு வடிவில்லை என்று அவர் கம்பியூட்டரில் தேய்த்து மட்டமாக்கியிருந்தார். அதே கன்னத்தைத்தான் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள், அண்ணை.

படத்தின் கீழே "திடீர் சுகவீனம் காரணமாக" என்று எழுதியிருந்தது. திடீராம்! காரம் பட்டால் எரிகிறது என்று நீ கறியை ஒதுக்கத் தொடங்கியது எப்போது? வாய் முழுதாகத் திறக்க மறுத்தது எப்போது? கேட்டால் "வாய்ப்புண், வெக்கைக்கு வந்தது" என்றாய். பிறகு, சாப்பாட்டுக் கரண்டி வாய்க்குள் போகாது என்று வந்த பிறகுதான், அண்ணி எனக்கு ரெலிபோன் எடுத்தார். அதுவும் குசுகுசுவென்று, அடுக்களைக்குள் நின்று.

புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். "உந்த வருத்தம்" என்பார்கள். சொன்னால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்ற நினைப்பு. நான் ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் அந்தச் சொல்லைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டுக்கு வந்தால் நானும் அந்தச் சொல்லை விழுங்கவேண்டும்.

இன்னும் கேள். உன்னைக் கிடத்தியிருந்த விறாந்தையில், உன் கால்மாட்டில், வெற்றிலைத் தட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தட்டம் நீட்டவேண்டும், அது முறை. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, நடுவில் நல்ல கறுத்தப் புகையிலை. ஒவ்வொருவரும் ஒரு துண்டைக் கிள்ளிக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு "என்னண்டு இவனுக்கு உந்த வருத்தம் வந்தது?" என்று ஆளையாள் கேட்டார்கள். கேட்டுவிட்டு வேலிக்கரைக்குப் போய்ச் சிவப்பாகத் துப்பினார்கள்.

எங்கள் குஞ்சியப்பு, அப்பாவின் கடைசித் தம்பி, கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"உது கண்ணூறு. வள்ளத்துக்குப் புது எஞ்சின் பூட்டினவன். கரையிலை எத்தினை கண் பட்டிருக்கும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ணூறு இல்லைக் குஞ்சியப்பு. இப்ப உங்கடை வாய்க்குள்ளை கிடக்கிற பொயிலை" என்றேன்.

"என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? எங்கடை அப்பா சாகுமட்டும் பொயிலை போட்டவர். அவருக்கு என்ன வந்தது? ரெண்டெழுத்துப் படிச்சாப்போலை எல்லாம் தெரியுமோ?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். செத்தவீட்டில்! கறை பிடித்த அத்தனை பற்களும் ஒருமிக்கத் தெரிந்தன. உன்னை நினைத்து அழவேண்டிய நேரத்தில் நான் அந்தப் பற்களைப் பார்த்து அருவருத்துக்கொண்டு நின்றேன். ஒரு நல்ல அழுகையைக்கூட அவர்கள் எனக்கு விட்டுவைக்கவில்லை.

எட்டுச்செலவு அன்று இதைவிட மோசம். எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிறது உனக்குத் தெரியும்தானே. அண்ணி விடியத் தொடங்கிச் சமைத்தார். பாரைமீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், குழல் புட்டு. யாரோ அரைப்போத்தல் சாராயமும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக அண்ணி உள்ளே போய், தன் கையாலேயே மடித்த வெற்றிலையைப் புகையிலைத் துண்டோடு கொண்டுவந்து தலைவாழை இலையின் நடுவில் வைத்தார். நான் எடுத்து முற்றத்தில் எறிந்தேன்.

அண்ணி குழறினார். "ஏன் பிள்ளை எறிஞ்சனீ? அவர் வெத்திலை இல்லாமல் சாப்பிட்ட கை கழுவமாட்டார். மனங்குறைஞ்சு போகப்போறார்."

"கடைசி மாசம் அவர் சாப்பிட்டவரே அண்ணி? மூக்குக்குள்ளாலை ரியூப்பிலை கஞ்சி விட்டனாங்கள். மறந்துபோனியளோ?"

சொல்லிவிட்டு நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது இலையில் வேறொரு வெற்றிலை இருந்தது. குஞ்சியப்பு மடித்து வைத்திருந்தார்.

சரி, இனி என் வேலைக்கு வருகிறேன். "நீ அங்கை என்னதான் செய்யிறனீ?" என்று நீ எத்தனை தரம் கேட்டிருக்கிறாய். நான் சொல்லத் தொடங்கவே கொட்டாவி விடுவாய். இப்போது கொட்டாவி விட வழியில்லை, கேள்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் டொக்டர் உன்னிடம் அனுமதி கேட்டார். வெட்டி எடுக்கும் கட்டியில் சின்னத் துண்டொன்றை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று. நான் கதவுக்கு வெளியே நின்றேன். வாய் திறக்க முடியாமல் பல்லுக்குள்ளால் நீ சொன்னது எனக்குக் கேட்டது.

"எடுங்கோ டொக்டர். என்ரை தங்கச்சியின்ரை இடத்துக்குத்தானே போகுது. அவள் சின்னனிலையே மீன்குடலைக் கிண்டிக் கிண்டிப் பாத்தவள். இப்ப அண்ணையைக் கிண்டட்டும்."

பகிடி விடுகிற நேரமா அது? டொக்டரும் சிரித்தார். நான் படிக்கட்டில் இருந்துவிட்டேன்.

விதிப்படி உன் துண்டுக்குப் பெயர் கிடையாது, ஒரு இலக்கம்தான். ஆனால் அது எந்தக் கதவால் வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் பொறுப்பாளர் அம்மாவுக்கும் தெரியும். "வேறு ஆளிடம் கொடுப்போமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேறொருவர் கையில் அது செத்துப்போனாலும் எனக்குப் பொறுக்காது, தழைத்தாலும் பொறுக்காது.

அந்தத் துண்டை அரிசி மணியளவுக்கு அரிந்து, கலம் கலமாக, அதுதான் செல் செல்லாக, பிரித்து, ஒரு களிக்குள் விடுவோம். குளிரில் தண்ணீராகவும் சூட்டில் கடற்பாசிபோல இறுகியும் இருக்கும் களி. அந்தக் களியே எலியின் கட்டியொன்றில் இருந்து எடுப்பது, தெரியுமா? புற்றை வளர்க்க இன்னொரு புற்றின் சாறு. அதன்மேல் சத்துநீர் ஊற்றி, உடம்பின் சூட்டிலேயே பெட்டிக்குள் வைத்தால், கலங்கள் தாங்களாகக் கூடிக் குட்டிக் குட்டி உருண்டைகளாக வளரும். ஓர்கனொயிட் என்று பெயர். குட்டி உறுப்பு என்று வைத்துக்கொள். உன் கன்னத்தில் அந்தக் கட்டி எப்படி இருந்ததோ, கிட்டத்தட்ட அதே குணத்தோடு தட்டுக்குள் இருக்கும். ஆளுக்குக் கொடுக்க முன்னால் அதற்கு மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம். எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்கு அசையாது என்று பார்க்கலாம். அதுதான் நான் செய்கிற வேலை.

எத்தனையோ பேருடைய துண்டுகள் எங்களிடம் வந்து முளைக்காமல் அழுகிப்போயிருக்கின்றன. உன்னுடையது முளைத்தது. முளைத்தது என்ன, கொழுத்தது! கரண்ட் போய் ஜெனறேற்றர் பிந்தி வேலை செய்த நாளிலும் அது சாகவில்லை. நீ ஒரு மிடறு தண்ணீர் விழுங்கப் படாத பாடு பட்ட அதே கிழமையில், அது என் தட்டுக்குள் மதாளித்து வளர்ந்தது. காலையில் உன் கட்டிலடியில் நின்று உன் வாயைத் துடைப்பேன். மத்தியானம் போய் அதற்குச் சத்துநீர் மாற்றுவேன். உன்னைத் தின்றதற்கு நான் சோறு போட்டேன், அண்ணை. இன்றைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன்.

நீ போன பிறகு வெளிநாட்டில் இருந்து கூட்டாளி ஆய்வாளர்கள் பார்க்க வந்தார்கள். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துவிட்டு ஒருவர் "அழகு! என்ன அழகு!" என்றார். மற்றவர் கைப்பேசியால் படம் எடுத்தார். அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. இப்படி நன்றாக வளர்கிற மாதிரி கிடைப்பது அரிது, நானும் வேறு யாருடையதாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். அன்றைக்கு நான் கையுறையைக் கழற்றிவிட்டுக் கழிவறைக்குப் போய்ச் சத்தி எடுத்தேன். அழகாம்! உன் வாய் மணத்த மணம் எனக்குத் தெரியும். அறை வாசலில் வரும்போதே மணக்கும். உன் மகள் வதனா மூக்கைப் பொத்தாமல் இருக்கத் தன் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் இருப்பாள்.

ஒரு மருந்துக்கு உன்னுடையது அசையவே இல்லை. இன்னொன்றுக்குக் கொஞ்சம் சுருங்குகிறது. அந்த முடிவு வந்தபோது நீ இல்லை. இருந்திருந்தாலும் உனக்கு உதவியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, நீ அவ்வளவு பிந்தி வந்தாய். இனி வருகிறவர்களுக்கு உதவலாம். இந்த ஒரு நினைப்பில்தான் அந்தப் பெட்டியைத் திறக்கிறேன்.

இனி அண்ணியின் கதை.

போன மாதம் உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி சோற்றுக்கு வெறும் சொதியை மட்டும் விட்டுக் குழைத்தார். மீன்குழம்புச் சட்டியைத் தொடவில்லை. இந்தக் காட்சியை நான் முன்னமே பார்த்திருக்கிறேன், அதே அடுக்களையில், அதே பலகையில் நீ இருந்தபடி.

"ஏன் அண்ணி, குழம்பு வேண்டாமோ?"

"உறைப்பு ஒத்துவருதில்லைப் பிள்ளை. வாய் எரியுது. வெக்கைக்கு."

"வாயைத் திறவுங்கோ, பாப்பம்."

வாயைப் பொத்திக்கொண்டார். நான் விடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டத்தில் மடித்துப் போட்டவர்கள்தானே. நீ தொழிலுக்குப் போகும்போது கடலில் நித்திரை வராமல் இருக்க உனக்கு ஒரு வெற்றிலைச் சரை மடித்துத் தருவார், தனக்கு ஒன்று மடிப்பார். நீ கரைக்கு வரும்வரை அவருக்கும் நித்திரை இல்லை. அந்தப் பால்மாப் பேணி, இரண்டு பேரும் துப்புகிற அந்தப் பேணி, இன்னும் அடுக்களை மூலையில் இருக்கிறது.

"சத்தம் போடாதை" என்றார் அண்ணி. "வதனாவுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. நல்லூர்ப் பக்கத்துப் பெடியன், நல்ல சனம். ஒரு வீட்டிலை ரெண்டு பேருக்கு உந்த வருத்தம் எண்டு தெரிஞ்சால் பரம்பரை எண்டு சொல்லிப்போட்டு விட்டிட்டுப் போயிடுவினம். அவளின்ரை காரியம் முடியட்டும். பேந்து எங்கை வேணுமெண்டாலும் வாறன்."

"பேந்து வாறதுக்கு நீங்கள் இருக்கவேணுமே!"

"நான் இருந்தென்ன, விட்டென்ன."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அண்ணியின் மேல் மட்டுமல்ல. ஒரு மனிசி தன் வாய் அழுகுவதைவிட மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணுவதற்குப் பயப்படும்படி வைத்திருக்கிற இந்த ஊரின் மேல். வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணையின்ரை கன்னத்திலை வெட்டினது இன்னும் சாகேல்லை. என்ரை லாப்பிலை உயிரோடை வளருது. வந்து பாருங்கோ. பாத்திட்டு வந்து பேசுங்கோ உங்கடை பேச்சுக்காலை!"

அண்ணியின் முகம் மாறியது. "உயிரோடையோ?" என்று மெல்லக் கேட்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பயப்படட்டும் என்றும் நினைத்தேன்.

போன கிழமை வந்தார். நீ நல்லூர்த் திருவிழாவில் எடுத்துக்கொடுத்த அந்த ஊதாச் சேலை. தலைக்கு முழுகி, முடியை ஒழுங்காக முடிந்து, கோயிலுக்குப் போகிறவர்போல வந்து இறங்கினார். எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. பொறுப்பாளர் அம்மாவிடம் சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். சப்பாத்துக்கு மேல் உறை, சேலைக்கு மேல் நீல அங்கி, வாய்க்கு முகமூடி, எல்லாவற்றுக்கும் மறுக்காமல் நின்றார். கைப்பையை வெளியே வைக்கச் சொன்னபோது மட்டும், அதற்குள் இருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அங்கிக்குள் மறைத்துக்கொண்டிருக்கிறார். நான் அப்போது கவனிக்கவில்லை.

பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அண்ணி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே மடித்த வெற்றிலை. நீ போடுகிற அளவில், புகையிலைத் துண்டு தனியே நீட்டிக்கொண்டு.

"என்ன அண்ணி உது?"

"அவருக்குத்தான். அண்டைக்கு எட்டிலை நீ எறிஞ்சுபோட்டாய். இஞ்சை உயிரோடை இருக்கிறார் எண்டு நீதானே சொன்னனீ. கிட்ட வைக்கிறன் பிள்ளை. உள்ளுக்கை போடமாட்டன். மணமெண்டாலும் படட்டும்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? அந்த அறைக்குள் வெளித்தூசு ஒன்று வரக்கூடாது என்று நாங்கள் மூச்சைக்கூட அடக்கி வேலை செய்கிறோம். அதற்குள் புகையிலை! உன்னைக் கொன்றதையே உன்னைக் கொன்றதற்குப் படையல் போடக் கொண்டுவந்திருக்கிறார்! டப்பாவைப் பறித்து மூடினேன். "சீ!" என்று கத்திவிட்டேன். வாய்க்குள் ஒரு வருடமாகக் கிடந்த சொல்.

அண்ணி அசையவில்லை. "ஏன் சீ எண்டுறாய்? உதைத் திண்டுதானே அது வளந்தது எண்டு எல்லாருக்கும் சொன்னனீ. அப்ப உதைத்தானே அதுக்குக் குடுக்கவேணும்?"

"இனி அதுக்கு உது தேவையில்லை அண்ணி. தொடங்கத்தான் பொயிலை வேணும். தொடங்கினாப் பிறகு அது தன்ரை பாட்டிலை வளரும். அண்ணை வெத்திலையை விட்ட பிறகும் வளந்ததெல்லே. இப்ப அண்ணையே இல்லை, இன்னும் வளருது. குனிஞ்சு பாருங்கோ."

குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல வட்டத்துக்குள் வட்டமாக அந்த உருண்டைகள் கிடந்தன. அண்ணி அதற்குள் எதைத் தேடினாரோ. உன் சிரிப்பையா? உன் கண்ணையா?

"இதிலை அவரின்ரை சாயல் ஒண்டும் இல்லையே" என்றார்.

"இது அவரில்லை அண்ணி. இது அவரைத் திண்டது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அந்த முகத்தில் நான் கண்டதில்லை. "உதுக்கோ நீ சாப்பாடு குடுத்து வளக்கிறாய்?"

"ஓம்."

"அவருக்குத் தொண்டைக்குள்ளை தண்ணி இறங்கேல்லை. உதுக்குக் குடுத்தனியோ?"

"ஓம் அண்ணி. குடுத்தனான். என்னத்துக்குச் சாகும் எண்டு பாக்கத்தான் குடுக்கிறன்."

"சீ!" என்றார் அண்ணி. அந்தத் தட்டைப் பார்த்துச் சொன்னாரோ, என்னைப் பார்த்துச் சொன்னாரோ, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அங்கியைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு விறுவிறென்று வெளியே போனார்.

நான் தட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஓடினேன். பஸ் ஏறிப் போயிருப்பார் என்று நினைத்தேன். அண்ணி வெளிமுற்றத்துத் தண்ணீர்க் குழாயடியில் குனிந்து நின்றார். வாய்க்குள் விரலை விட்டுக் கன்னத்தில் கிடந்ததைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். வரும்போதே ஒரு சரை போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார், அண்ணை! முகமூடிக்குள் அடக்கிவைத்துக்கொண்டு என் ஆய்வுகூடத்துக்குள் நின்றிருக்கிறார். கொப்பளித்தார், துப்பினார், திரும்பவும் கொப்பளித்தார். சிமெந்துத் தரையெல்லாம் சிவப்பாக ஓடியது. வேறு நாளாக இருந்தால் நான் முகத்தைத் திருப்பியிருப்பேன். அன்றைக்கு முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் தண்ணீர் தெளிவாக விழுந்தது. அண்ணி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பார்" என்றார். வாயைத் திறந்தார்.

வெயில் நேரே விழுந்தது. இடக்கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு, ஓரத்தில் சிவப்பு. உன்னுடையதும் ஒருகாலம் அவ்வளவாகத்தான் இருந்திருக்கும். அப்போது நீ எங்களுக்கு வாயைத் திறந்து காட்டவில்லை. எனக்கு உன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, அண்ணை. அழுகையும் வந்தது. நீ போன நாளில் வராத அழுகை, ஒரு தண்ணீர்க் குழாயடியில், அண்ணியின் திறந்த வாய்க்கு முன்னால் நின்று வந்தது.

"ஏன் அழுறாய்? சொல்லு, என்ன?" என்றார், வாயை மூடாமலே.

அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சோதிக்கத் துண்டெடுத்தார்கள். மூன்று நாளுக்கு முதல் முடிவு வந்தது. இன்னும் புற்றாகவில்லை. விட்டால் ஆகக்கூடியது. திட்டை வெட்டி எடுக்கவேண்டும், வெற்றிலையையும் புகையிலையையும் தொடக்கூடாது, டொக்டர் சொன்ன தவணைக்கெல்லாம் போய் வாயைக் காட்டவேண்டும். இவ்வளவுதான். உனக்கும் இவ்வளவோடு முடிந்திருக்கலாமே என்று நினைக்க நினைக்க நெஞ்செல்லாம் கசக்கிறது.

வதனாவுக்கு அண்ணியே சொன்னார். உன் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? "உதுக்குப் பயந்து ஓடுற ஆக்கள் எண்டால் இப்பவே ஓடட்டும் அம்மா. பேந்து நான் அவையைத் துரத்தத் தேவையில்லை" என்றாளாம். வாய் உன்னுடையதேதான். மாப்பிள்ளை வீட்டாருக்கு நாங்களே போய்ச் சொல்லியிருக்கிறோம். உனக்கு வந்தது புற்றுநோய் என்று முழுச்சொல்லாகவே சொன்னேன். அவர்கள் பதில் இன்னும் வரவில்லை. வருமா? தெரியாது.

குஞ்சியப்புவுக்குத்தான் பெருங்கோபம். வீட்டு மானத்தைச் சந்திக்குக் கொண்டுவந்துவிட்டேனாம். திவசத்துக்கு வரமாட்டாராம். வந்தால் தட்டம் இல்லை என்று நானும் சொல்லியனுப்பிவிட்டேன்.

ஆம், அண்ணை. உன் திவசத்துக்குப் பாரைமீன் உண்டு, கணவாய் உண்டு, சாராயமும் வேண்டுமானால் வைக்கிறோம். வெற்றிலை இல்லை. மனங்குறைந்து போவதானால் போ. அந்தப் பால்மாப் பேணியை நானும் அண்ணியும் பின்வளவில் கிடங்கு வெட்டி மண்ணுக்குள் தாட்டுவிட்டோம். தாட்டபோது அண்ணி அழுதார். உன்னைத் தாட்டதுபோல இருக்கிறது என்றார்.

உன்னுடையதை இன்னும் கொஞ்சக் காலம் வளர்ப்பேன். வேறு வழியில்லை. அது எதற்குச் சாகிறது என்று தெரிந்தால்தான் இன்னொரு வீட்டில் ஒருவரைக் காப்பாற்றலாம். ஒவ்வொரு முறையும் அருவருத்துக்கொண்டுதான் அந்தப் பெட்டியைத் திறப்பேன். அந்த அருவருப்பு எனக்குப் பழகிப்போகக்கூடாது. வேலை முடிகிற நாளில் வெளுப்பான் நீரை நானே என் கையால் அதன்மேல் ஊற்றுவேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன். நீங்கள் இரண்டு பேரும் எங்கே போனாலும் சோடியாகத்தான் போனீர்கள். கோயிலுக்கு, கலியாண வீட்டுக்கு, வெற்றிலைக் கடைக்கு. அந்தப் பெட்டிக்குள் உன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே அண்ணி வரமாட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது தவணைக்குத் தவணை கிளினிக்குக்குக் கொண்டுபோவேன். வாயைத் திறக்கமாட்டேன் என்றால் வாசலில் குந்தியிருப்பேன். உன் பக்கத்தில் அவருக்கு ஒரு தட்டு நான் வைக்கமாட்டேன். நீ அங்கே தனியேதான் இருக்கவேண்டும், அண்ணை.

உன் வாயைத் திறக்கவைக்க முடியாமல்போன,
உன் வாய்க்காரித் தங்கச்சி